நான் எழுந்து வெளியே போன கூட்டம்

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அவளுக்கு இரண்டு காலும் வீங்கியிருப்பதால் பாதிச் சுகம் என்று வைத்துக்கொள். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

நோயாளிகள் சார்பில் என்னை ஆஸ்பத்திரி நிதிக் குழுவில் சேர்க்க நீ அலையாய் அலைந்தாய். "உள்ளே நம்ம ஆள் இருந்தாதான் காரியம் நடக்கும் அத்தான்"னு சொன்னே. இருக்கிற இரண்டு டயாலிசிஸ் மெஷினில் ஒன்று படுத்துவிட்டது. அக்காவின் முறை தள்ளித் தள்ளிப் போய்த்தான் இந்த வீக்கம். புது மெஷின் கேட்பதற்காகவே இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். அந்தப் பேச்சு வந்ததும் செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "சார், உங்க வீட்டம்மா இங்கதானே வைத்தியம் பார்த்துக்கறாங்க? சொந்தக்காரங்க விஷயம்னா உறுப்பினர் வெளியே இருக்கணும். விதி." போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். கிட்னி டாக்டராவது பேசுவார் என்றால், அவருக்கு உள்ளே நாற்காலியே கிடையாது. துறைத் தலைவர்களுக்குத்தான் நாற்காலி, டயாலிசிஸ் இன்னும் துறையாகவில்லையாம், வெறும் பிரிவாம். ஆக, கேட்க நாதியில்லாமல் மெஷின் பட்டியலின் அடிக்குப் போனது. அடுத்த விஷயத்துக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள்: ஆஸ்பத்திரி வாசல் கதவு. கதவுக்குச் சொந்தக்காரர் யாருமில்லை பாரு, அத்தனை பேரும் ஆற அமர இருந்து பேசி முடிச்சாங்க. புதுசு வருது, தானாத் திறக்குமாம்.

"என்ன கிடைச்சுது?"ன்னு உன் அக்கா கேட்டா. "கதவு"ன்னேன். "நல்லதாப் போச்சு. என்னைத் தூக்கிட்டு வர்றப்போ உங்களுக்குக் கை ஒழியாது"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரலை.

ஆகவே, உள்ளே ஆளாக இருந்தது போதும். ராஜினாமா எழுதிவிட்டேன். நாளைய கூட்டத்தில் கொடுத்துவிட்டு, வெறும் புருஷனாக வாசலில் நின்று கத்தப்போகிறேன். அதைத் தடுக்க இன்னும் விதி போடவில்லை.

நீயும் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் நீண்ட காலம் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்க ஒரு நாள் தாமதமாகிவிட்டது. ராஜினாமா சட்டைப் பையிலேயே இருக்கிறது. கொடுக்கப் போன இடத்தில், "ஆள் குறையுது சார், இது ஒண்ணை முடிச்சுட்டுப் போங்க" என்று உட்கார வைத்துவிட்டார்கள். பிணவறைக்குப் புதுக் குளிர்பெட்டி. "யாருக்காவது சொந்தக்காரங்க சம்பந்தம் உண்டா?" என்று செயலாளர் கேட்டார். ஒருவரும் எழவில்லை. நானும் ஆதரவாகக் கை தூக்கினேன். வீட்டுக்கு வந்து உன் அக்காவின் காலைப் பார்த்தபோதுதான், நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும் என்று தோன்றியது.