கம்ப்யூட்டருக்குப் பெரட்டு

உலகத்திலேயே கம்ப்யூட்டருக்குப் பெரட்டு வைத்த ஒரே மனிதர் எங்கள் ஹட்டன் அலுவலகத்தில்தான் இருக்கிறார். தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. எங்கள் பெரட்டு அண்ணன் காலையில் உள்ளே நுழையும்போதே, "பிரிண்டர் வந்திருச்சா? டீ கேத்தல் வந்திருச்சா?" என்று கூப்பிடுவார். "வந்திருச்சுண்ணே" என்று நாங்கள் சொல்லும்வரை உட்காரமாட்டார். ஒருமுறை நானுஓயா பஸ்ஸில் ஏறியவர், "டயரெல்லாம் வந்திருச்சா?" என்று கேட்க, கண்டக்டர் பயந்துபோய் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த மழைக்காலத்தில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஆட்கள் எங்கள் மென்பொருளைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் அலுவலகம் ஹட்டனில் நிற்கும். இல்லாவிட்டால் கொழும்புக்குப் போய்விடும். நானோ ஏழு மாதக் கர்ப்பிணி. கொழும்பு என்றால் வேலையை விடவேண்டியதுதான்.

மென்பொருளைச் சர்வரில் ஏற்றுமுன், பெயர், முகவரி என்று காலி இடம் விட்ட கோப்புகளை நிரப்ப ஒரு சின்னக் கருவி உண்டு. எல்லாவற்றையும் கூட்டிச் சேர்க்கிற 'பில்ட்' என்ற ஏற்பாடுதான் அதையும் கம்ப்யூட்டரில் நிறுவும். என் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடியது. மறுநாள் காட்டவேண்டிய மேனேஜரின் கம்ப்யூட்டரில், ஆஸ்பத்திரியின் பெயர் வரவேண்டிய இடம் மொட்டையாக வந்தது.

"என்ன பிள்ளை இது? நாளைக்கு அவையள் வரேக்க என்னத்தைக் காட்டுறது?" என்று யாழ்ப்பாணத்து மேனேஜர் தலையில் கைவைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரட்டு அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு திரையை முறைத்தார்.

"தங்கச்சி, பில்டு என்னா செய்யுது? கருவி பேரக் கூப்பிடுது. ஒருத்தன் 'வந்திருக்கேன்'ங்கிறான். ஒடனே வேலைக்கு அனுப்பிருது. மூஞ்சியப் பாத்துச்சா? இந்தக் கம்ப்யூட்டர்ல நிக்கிறவன் ரெண்டு வருசப் பழைய ஆளு! எங்க தோட்டத்துல அண்ணன் பேருக்குத் தம்பி வந்து நின்ன கததான்."

உட்கார்ந்தார். எந்தப் பதிப்பு வேண்டும் என்று பில்டில் எழுதினார். கைரேகை மாதிரி அதற்கென்று உள்ள அடையாள எண்ணையும் சேர்த்தார். பொருந்தாவிட்டால் பழையதைத் தூக்கிவிட்டுச் சரியானதைப் போடவேண்டும் என்றும் எழுதினார். மழைக்கு இன்டர்நெட் படுத்துவிடும் என்று, கருவியின் பிரதி ஒன்றை அலுவலகச் சர்வரிலேயே வைத்தார்.

மறுநாள் மழை கொட்டியது. இன்டர்நெட்டும் சொல்லிவைத்தாற்போலப் படுத்தது. பில்ட் அசரவில்லை. பழைய ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதியவனைப் போட்டது. ஆஸ்பத்திரியின் பெயர் திரையில் பெரிதாக வந்து நின்றது. அலுவலகம் கொழும்புக்குப் போகவில்லை.

பிள்ளை பெற்று, லீவு முடிந்து திரும்பி வந்த அன்று பில்டை ஓடவிட்டேன். கருவிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் என் பெயர்! பக்கத்தில், "லீவு. பிள்ள பொறந்திருக்கு. பேர வெட்டாத." தோட்டத்தில் பேர் வெட்டினால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். இத்தனை மாதமும் தினம் தினம் அந்த வரி வந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னாலிருந்து குரல் கேட்டது. "தங்கச்சி வந்திருச்சா?"

"வந்திருச்சுண்ணே" என்றேன்.