மரத்தடியில் ஓவர்டைம்

திங்கட்கிழமை காலையிலேயே கேம் பெட்டியின் திரை இருண்டுவிட்டது. காருக்குள் உட்கார்ந்திருந்த சேகரன் பவர் பேங்க் வயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடியும் சொருகினான். சார்ஜ் ஏறுவதாகத் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்ப இன்னும் முழுப் பகலும் கிடந்தது.

சுங்கை ஊடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது முதலில் போனவன் அவன்தான். மனைவி திலகாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு மாதமாகக் காலையில் யூனிஃபார்ம் போட்டு, அவள் கட்டிக் கொடுக்கும் சோற்றை வாங்கிக்கொண்டு சிம்பாங் அம்பாட் வீட்டிலிருந்து கிளம்புவான். தெரிந்த முகமே இல்லாத மஸ்ஜித் தானா ஊரில் ஒரு மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, ஹாஸ்டலுக்குப் போன மகன் விட்டுச்சென்ற கேம் பெட்டியை எடுப்பான். அதற்குள் அவனுக்கு ஒரு மாட்டுப்பண்ணை இருந்தது. அங்கே பத்துப் பேருக்கு வேலை கொடுத்திருந்தான், ஒருவரையும் நிறுத்தவில்லை. பெட்டி அணைந்தால் தன் நிலைமையை யோசிக்க வேண்டிவரும். அதற்குத்தான் பயந்தான்.

கார் சார்ஜரில் மாட்டினான். டப் என்றது. ஃபியூஸ் போய் ரேடியோவும் செத்தது.

பக்கத்து ரொட்டி சானாய் கடையில் போய் பிளக்கில் மாட்டினான். அங்கேயும் ஏறவில்லை. உள்ளே அழுக்கோ என்று மேசையிலிருந்த பல்குச்சியை விட்டுக் கிண்டினான். முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது.

"சேகரா! நீ எங்க லா இங்க?"

பக்கத்து வீட்டுத் தேவன். தெரிந்த முகமே இல்லாத ஊரில், கையில் தே தாரிக் டீ கிளாசோடு நின்றான்.

"கம்பெனி வேலையா வந்தேன்."

"கேம் பெட்டி வச்சிக்கிட்டா?"

"இதச் செக் பண்றதுதான் இப்ப என் டிப்பார்ட்மெண்ட்."

"அலாமாக், இத்தன நாளா சொல்லவே இல்ல! என் மவளோடதும் சார்ஜ் ஏறல. சாயந்தரம் வீட்டுக்குக் கொண்டாறேன், பாத்துக் குடு."

தேவன் வந்து திலகா முன்னால் வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். இந்த ஒரு பெட்டியையாவது சரிசெய்து காட்டினால்தான் பொய் பிழைக்கும். சேகரன் எதிரே நயீம் என்பவன் நடத்தும் கைப்பேசி ரிப்பேர் கடைக்கு ஓடினான்.

நயீம் பெட்டியைப் பார்த்தான். யூனிஃபார்மைப் பார்த்தான். கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"இத நான் செய்ய முடியாதுண்ணே."

"ஏன் தம்பி, சாமான் இல்லையா?"

"இருக்கு."

"செய்யத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் என்ன? எவ்ளோ கேட்டாலும் தர்றேன்."

"காசு பேச்சு இல்லண்ணே. உக்காருங்க, டீ சொல்றேன்."

சேகரனுக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு மாதமாக யார்மீதும் காட்ட முடியாத கோபம் அது.

"என்னப் பாத்தா வேல வெட்டி இல்லாதவன் மாதிரி தெரியுதா? அங்க மேனேஜர் எனக்காக வெய்ட் பண்ணிக்கிட்டு இருக்காரு!"

நயீம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"கோவப்படாதீங்கண்ணே. நேத்து நீங்க வீட்ல தூங்குறப்ப திலகா அக்காதான் இதக் கொண்டாந்து சார்ஜ் ஏறாம பண்ணச் சொன்னாங்க. உங்களுக்கு வேல கெடச்சப்புறம்தான் சரி பண்ணிக் குடுக்கணுமாம்."