பாய்லர் அண்ணாச்சியும் தூங்குகிற மலையும்

இராஜபாளையத்தைச் சுற்றியிருக்கிற கரடுகளில், அதாவது மொட்டைப் பாறைக் குன்றுகளில், ஏதாவது ஒன்று என்றைக்காவது எரிமலையாக வெடித்தால், அந்தச் செய்தி டி.வி.க்காரர்களுக்கு முன்பாகப் பாய்லர் அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும். இதுவரை ஒன்றும் வெடிக்காமல் இருப்பதற்கும் தாம்தான் காரணம் என்பது அவருடைய தாழ்மையான கருத்து.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நான் டெஸ்பாட்ச் பார்க்கும் பேண்டேஜ் துணி கம்பெனியில், துணி வெளுக்க நீராவி கொடுக்கிற பாய்லர் அவர் பொறுப்பு. தளவாய்புரத்திலிருந்து மொபெட்டில் வருவார். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருக்கும் இடத்தில் அவர் ஒரு ஸ்பேனர் வைத்திருப்பார். எதைக் கண்டாலும் அதால் ஒரு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்பார்.

உலகத்தில் உள்ள சகலத்தையும் அவர் இரண்டாகப் பிரித்திருந்தார்: ஆவி உள்ளது, ஆவி இல்லாதது. கல்யாணப் பந்தியில் உப்பலாகப் பூரி வந்தால், கையை நீட்டி, முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு, விரலால் ஒரு ஓட்டை போட்டபிறகே பக்கத்தில் போவார். ஒருநாள் காலையில் எங்கள் மேனேஜரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, அவிய மூஞ்சியப் பாத்தியா? சேஃப்டி வால்வு ஒட்டிக்கிருச்சு. இன்னைக்கு அந்தப் பக்கம் போயிராத."

நான் போனேன். மத்தியானம் வரை எனக்குக் காது அடைத்திருந்தது.

இப்படிப்பட்டவர் ஒருநாள் டி.வி.யில், எங்கேயோ ஒரு தேசத்தில் எரிமலை வெடிப்பதைப் பார்த்துவிட்டார். பெரிய மலைகூட இல்லை. குட்டையாக, உச்சி மொட்டையாக, ஓரமெல்லாம் கருத்த கல்லாக இருந்ததாம். "ஏலே, இது நம்ம கரடு மாதிரியேல்ல இருக்கு!" என்று எழுந்தவர்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு கரடாக ஏறி, பாறையைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

டீக்கடையில் ஒரு காலேஜ் வாத்தியார் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "அண்ணாச்சி, இங்க எரிமலையெல்லாம் கெடையாது. இது வெறும் பாறை."

"சார், எங்க பாய்லரும் வெளியருந்து பாத்தா வெறும் இரும்புதான்."

வாத்தியார் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். ஆண்டாள் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாலே மேலேயிருந்து விழுவது போலிருக்கும் எனக்கு. கீழே நிற்கிறவன் எப்படி மேலேயிருந்து விழ முடியும் என்று கேட்காதீர்கள். முடியும். பழக்கம்தான். அப்பேர்ப்பட்டவனுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் "நடங்க" என்றார். என் மனைவி அன்றைக்கே அண்ணாச்சிக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழமை இவுகளையும் கூட்டிட்டுப் போங்க. வீட்ல இருந்தா பால்கோவா டப்பாவையே சுத்திச் சுத்தி வாராக."

"மலை வெடிச்சிருச்சுன்னா?" என்றேன் நான்.

"வெடிச்சா வந்து சொல்லுங்க. இப்பக் கெளம்புங்க."

மலையேற்றத்துக்கு அண்ணாச்சி சில சட்டங்கள் வைத்திருந்தார். அடிவாரத்தில் ஸ்பேனரால் தட்டி, கேட்டு, அவர் தலையாட்டினால்தான் ஏற வேண்டும். சத்தமாகத் தும்மக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், உச்சியை மிதிக்கவே கூடாது. ஓர் ஆள் உயரம் பாக்கி இருக்கும்போதே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

"உச்சிங்கிறது அதோட வாயி, தம்பி. தூங்குறவன் வாயில போயி யாராச்சும் காலை வைப்பானா?"

இந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. உச்சிக்கே போகாத மலையேற்றம் ஒரு கோழைக்குக் கிடைத்த வரம் இல்லையா? அதனால் எரிமலையையும் நம்பினேன். நம்பிய பாவத்துக்குப் பயமும் வந்தது. ஒருநாள் பாதி மலையில் அவர் நின்று மூக்கை உறிஞ்சினார். "கந்தக வாடை வருதுல்ல?" என்றார். வந்தது. நாலு அடி கீழே இறங்கியும்விட்டேன். பிறகு பார்த்தால் என் தோள்பையில், மனைவி கட்டிக் கொடுத்த அவிச்ச முட்டை. இன்னொரு நாள் டமார் என்று ஒரு சத்தம். கல்குவாரியில் வெடி வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியவந்தபோது, நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு காலில்தான் ஷூ இருந்தது.

மறுவாரம் அண்ணாச்சி அந்த இன்னொரு ஷூவைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். கிண்டலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஓடுனது சரிதான். நானும் ஓடியிருப்பேன், காலு வரல" என்றார்.

எல்லாவற்றையும் மிஞ்சிய ஒரு ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு கரடு. எங்கள் பக்கம் வழவழவென்று சரிந்த பாறை. அந்தப் பக்கம் அடிவாரத்துக் கருப்பசாமி கோயிலிலிருந்து மேலே படி வெட்டி, கைப்பிடிக்குக் குழாய்கூடப் போட்டிருக்கிறார்கள். அந்தப் படிகள் நேரே வாய்க்குப் போய்ச் சேருகின்றன என்பதால் அண்ணாச்சி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். சரிவு வழியாகவே தவழ்ந்து ஏறினோம். வழக்கம்போல ஓர் ஆள் உயரம் மிச்சம் வைத்து நின்றோம். அண்ணாச்சி கும்பிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். திரும்பிக் கீழே பார்த்தேன்.

கீழே ஒரு பருந்து பறந்துகொண்டிருந்தது. பருந்தின் வயிற்றைப் பார்த்திருக்கிறேன். முதுகை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவ்வளவுதான். பாறையில் குப்புற விழுந்து பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டேன். கால் இரண்டும் தறி மாதிரி ஓடுகிறது. வாய் மட்டும் வேலை செய்தது.

"எறங்கு தம்பி, நான் கீழ நின்னு புடிச்சிக்கிடுதேன்."

"மாட்டேன் அண்ணாச்சி. நான் இங்கயே இருந்துக்கிறேன். வாரா வாரம் சாப்பாடு மட்டும் கொண்டாந்துருங்க."

"மேக்க பாரு, மழை இருட்டிக்கிட்டு வருது. நனைஞ்சா இந்தப் பாறையில ஈ கூட நிக்காது."

சொல்லி முடிப்பதற்குள் முதுகில் ஒரு சொட்டு விழுந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, நான் செத்தேன் என்று. "ஆண்டாளே!" என்று கத்தினேன். அதே நேரத்தில் அவர் "ஆண்டவரே!" என்று கத்தினார். அடுத்த பாறை இரண்டையும் வாங்கிக் குழப்பித் திருப்பிக் கொடுத்தது. யாருக்கு விண்ணப்பம் போயிற்று என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அண்ணாச்சி மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மேலே பார்த்தார். ஏற ஓர் ஆள் உயரம், அதற்கப்புறம் உச்சி, உச்சிக்கு அந்தப்பக்கம் படி. வேறு வழியில்லை. ஸ்பேனரை எடுத்துப் பாறையைத் தட்டினார். காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். அவர் முகம் வெளுத்த துணி மாதிரி ஆகிவிட்டது. பிறகு தன் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகி, என் ஷூவையும் உருவித் தோள்பையில் போட்டுவிட்டு, பாறையோடு பேசினார்.

"செத்த நேரம் முழிச்சிராதய்யா. புள்ளகுட்டிக்காரன் ஒருத்தன் கூட வாரான். வெறுங்காலோடதான் வாரோம்."

என் கையைப் பிடித்தார். "கண்ணை மூடிக்க தம்பி. நான் கூட்டிட்டுப் போறேன்."

மூடிக்கொண்டேன். அவர் இழுக்க, நான் ஊர, பாறை ஓரிடத்தில் சமமானது. காற்று சட்டையைப் பிய்த்தது. உச்சி! எங்கே கால் வைக்கிறாரோ பார்ப்போம் என்று ஒரு கண்ணைக் கீற்றுப்போலத் திறந்தேன். எதிரே அண்ணாச்சி முகம். அவரும் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடியிருந்தார்.

"அண்ணாச்சி! நீங்களுமா?"

"கத்தாத தம்பி, முழிச்சிரும்! வாய்க்குள்ள என்ன இருக்கோ, என்னால பாக்க ஏலாது."

பட்டென்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டிய இரண்டு ஆம்பிளைகள், கையைக் கோத்துக்கொண்டு, காலால் தடவித் தடவி, ஒரு மலையின் உச்சியைக் குருட்டுத்தனமாகக் கடந்தோம். என் காலில் இரும்புக் குழாய் தட்டியபோது அதைக் கட்டிப்பிடித்து அழுதேன். படி வழியாகக் கீழே இறங்கினோம். கருப்பசாமி கோயில் வாசலில் உட்கார்ந்து, அவர் இடது காலில் வலது செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு இருந்தது விழுந்துவிடுவோமோ என்ற பயம். அவருக்கோ, அந்த மலை வெடிக்கும் என்பதில் சந்தேகமே கிடையாது. அதன் வாயில்தான் காலை வைத்தார்.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் தனியாகப் போய் அடிவாரத்தில் தட்டிப் பார்த்திருக்கிறார். எனக்குப் போன் வந்தது. "முழிக்கல தம்பி. பொரண்டு படுத்திருக்கு, அம்புட்டுத்தான்."

என் மனைவி இப்போதும் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறாள்: "இவுக உச்சிக்கே போயிட்டு வந்திருக்காக." அவர்களும் ஆசையாகக் கேட்கிறார்கள், மேலேயிருந்து பார்த்தால் ஊர் எப்படி இருந்தது என்று. கண்ணை மூடிக்கொண்டு கடந்த எனக்கு என்ன தெரியும்? அண்ணாச்சியின் உள்ளங்கை ஈரமாக இருந்தது. கடைசிப் படி வரைக்கும் அதை அவர் விடவில்லை.