நாடகக் கையேட்டில் கழுகு முத்திரை

ஒரு விடுகதை. நாடகம் நடக்கும்போது விசிறியாக இருந்தது. முடிந்ததும் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. அறுபது வருடம் கழித்துக் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறிக்கொண்டது. அது என்ன?

கெய்ரோவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்: பழைய நாடகக் கையேடு. இப்போது அது மாட்டாத வரவேற்பறை வரவேற்பறையே அல்ல. போலிகள் பெருகவே, அரசு ஒரு துறையைத் தொடங்கியது. துறையின் கழுகு முத்திரை இல்லாத கையேடு போலி எனக் கருதப்பட்டுப் பறிமுதல் செய்யப்படும். வெற்று ஓரத்தில் குத்தினால் வெட்டி வேறொன்றில் ஒட்டிவிடுவார்களாம். ஆகவே எழுத்தோ படமோ உள்ள, ஆனால் முக்கியமில்லாத இடத்தில் குத்த வேண்டும் என்பது விதி.

மருந்துக்கடை டாக்டர் வஜ்தி தன் கையேட்டைக் கொண்டுவந்தார். அதிகாரி தல்அத் பே புரட்டினார்.

“அட்டையில குத்திடுங்க, பே.”

“கதாநாயகி முகத்துலயா! டாக்டர், என் வீட்டு ஹால்லயே அவங்கதான் தொங்கறாங்க.”

“சோடா விளம்பரத்துல?”

“அந்தக் கம்பெனி இன்னும் நடக்குது. கேஸ் போட்டா நீங்களா வருவீங்க?” பே கடைசிப் பக்கத்தில் விரல் வைத்தார். “இதோ! ‘பக்கத்து வீட்டுக்காரி மூன்று: இஹ்சான்.’ யாருக்குமே தெரியாத பேரு.”

“ஐயோ, அது எங்கம்மா! அவங்க பேரு அச்சுல வந்ததே இது ஒண்ணுலதான்.”

“மகனா? அப்ப நீங்க சம்பந்தப்பட்ட தரப்பு. உங்க கருத்து செல்லாது.”

“வேணாம், திருப்பிக் குடுத்துடுங்க.”

“முத்திரை இல்லாமலா? பறிமுதல் பண்ணிடுவேனே!”

தகராறு எழுந்தால், கையேடு சேகரிக்காத ஒருவர் முடிவு சொல்ல வேண்டும் என்றது இன்னொரு விதி. துறை முழுவதும் தேடினார்கள். தேநீர் கொண்டுவருபவர்கூட அலமாரி நிறைய வைத்திருந்தார். கடைசியில், மேசைக்கு அடியில் எள் ரொட்டி தின்றுகொண்டிருந்த ரீம் அகப்பட்டாள். டைப்பிஸ்ட் ராஷாவின் மகள், வயது ஆறு.

“கண்ணு, இதுல யாரு முக்கியமில்ல? இந்தப் பேருதானே?” என்றார் பே.

“இவங்க என்ன சொல்வாங்க?”

“‘கொஞ்சம் வெங்காயம் குடேன்டி! மூணு நாளா கேக்கறேன்!’” என்று வஜ்தி அம்மாவின் குரலிலேயே சொன்னார். “அவ்வளவுதான் வசனம். வீட்ல தினம் நடிச்சுக் காட்டுவாங்க.”

ரீமுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அட்டையைத் திருப்பினாள். “இந்த அத்தை என்ன சொல்வாங்க?”

பே ராஷாவைப் பார்த்தார். ராஷா வஜ்தியைப் பார்த்தாள். வஜ்தி மின்விசிறியைப் பார்த்தார். நாடகத்தை யாருமே பார்த்ததில்லை.

ரீம் கதாநாயகியின் மூக்கைக் காட்டினாள். அங்கே முத்திரை குத்தப்பட்டது.