கராஜிலிருந்து என்னை வெளியேற்றிவரும் தங்கள் தங்கை குறித்து

சாகினா, மிச்சிகன்
ஏப்ரல் 19

மரியாதைக்குரிய மச்சான் ராய்ஸ் அவர்களுக்கு,

லெஸ்டர் எழுதிக்கொள்வது. இங்கே பனி உருகிவிட்டது, என் முழங்கால் வலி தேவலை, தங்கள் தங்கை நோரீன் என்னைவிட நன்றாகவே இருக்கிறாள். அரிசோனா வெயிலில் தாங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிற்க. இது ஒரு புகார்க் கடிதம்.

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகத் தபால் போட்டு ஓய்வுபெற்ற மறுவாரமே நான் ஒரு பழைய பான்டியாக் காரை வாங்கியது தங்களுக்குத் தெரியும். 1967 மாடல், எட்டு சிலிண்டர், சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோகும்போது என் நெஞ்செலும்பு அதிரத் தாண்டிப்போன அதே ரகம். ஒரு வைக்கோல் கொட்டகையிலிருந்து இழுத்து வந்தேன். அது கராஜுக்குள் போனதும் நோரீனின் கார் வெளியே பனியில் நின்றது, அவள் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை, தினமும் காலையில் கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டினாள், அவ்வளவுதான், ஆனால் அந்தச் சுரண்டலில் எல்லாம் இருந்தது. நானும் சும்மா இருந்திருக்கலாம். கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது, பாத்திரம் கழுவும் மெஷின் காலியாக இருந்தது, நான் உள்ளே வைத்து பட்டனைத் தட்டிவிட்டேன். அன்று மாலை சர்ச் பாடகர் குழுப் பெண்கள் எட்டுப் பேர் சாப்பிட வந்தார்கள். அதே மெஷினில் கழுவிய தட்டில் வைத்த பூசணிக் கேக்கில் பெட்ரோல் வாசம். ஒருத்தி, “புது மாதிரி மசாலாவா, நோரீன்?” என்று கேட்டாள்.

அவர்கள் போனதும் நோரீன் பேசினாள். “இனிமே அந்த கராஜ்ல நீ எதைக் கழட்டினாலும் என் கண் முன்னாடிதான் கழட்டணும், லெஸ்டர்.”

அங்கேதான் ஆரம்பித்தது, மச்சான். காவலுக்கு வந்தவள் முதல் நாள் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினாள். இரண்டாம் நாள் இன்ஜினுக்குப் பின்னால் நான் தவறவிட்ட ஒரு நட்டை, என் கை நுழையாத சந்தில் தன் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள், “இது எதுக்கு?” என்று கேட்டாள். நான் ஒரு விளக்கம் சொன்னேன். அவள் காரின் கையேட்டை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, “தப்பு,” என்றாள். அதற்குப் பிறகு ஸ்வெட்டரை நான் பார்க்கவில்லை.

காரின் அடித்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டினேன், அது உள்ளே போய்விட்டது, அதை எடுக்கலாம் என்று ஏறினேன், என் காலும் போய்விட்டது. ஒரு கால் காருக்குள், ஒரு கால் தரையில், நான் நிற்கிறேன். தங்கள் தங்கை என்னை வெளியே இழுக்கும் முன் ஓட்டையை டேப் வைத்து அளந்தாள். மறுவாரம் மாலை நேர வகுப்பில் சேர்ந்து வெல்டிங் கற்றுக்கொண்டாள். அறுபத்து நான்கு வயதில்! இப்போது அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு தீப்பொறிக்கு நடுவே அவள் நிற்பதைப் பார்த்தால் கூப்பிடவே பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு ஹூபர்ட், கார் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்த மனிதன், கதவைத் தட்டி, “நோரீன் இருக்காங்களா?” என்று கேட்கிறான். “நான் இருக்கேனே,” என்றால், “இல்லப்பா, இது கார் விஷயம்,” என்கிறான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடத்தில் இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. பழைய சீட்டுகளுக்கு அவளே உறை தைத்தாள், வண்டிக்குக் கருநீல பெயின்ட் அவளே அடித்தாள், நான் காப்பி போட்டேன். ஆனால் போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் தாங்க முடியவில்லை. டோனட் வாங்கிக்கொண்டு தெருமுனையில் திரும்புகிறேன், அந்தச் சத்தம் கேட்கிறது. மூன்று வருடமாக நான் காத்திருந்த உறுமல். என் பான்டியாக் முதல்முறையாக உயிர்பெற்றபோது நான் டோனட் பெட்டியோடு தெருவில் நிற்கிறேன்.

“நான் வர்றவரைக்கும் பொறுக்க முடியலையா?”

“சும்மா சாவியைத் திருப்பிப் பாத்தேன், பிடிச்சிக்கிச்சு. உடனே அணைச்சிட்டேன்பா. வா, நீ திருப்பு. இதுதான் மொத தடவைன்னு வெச்சுக்கலாம்.”

நான் திருப்பினேன். ஸ்டார்ட் ஆகவில்லை. சத்தம் கேட்டு வந்து நின்ற ஹூபர்ட் வானத்தைப் பார்த்தான்.

ஆகவே மச்சான், ஒரு வேண்டுகோள். தாங்கள் நோரீனை ஒரு மாதம் அங்கே வரவழைத்துக்கொள்ள வேண்டும். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லுங்கள், இடுப்பு என்றால் நம்புவாள். பிரேக் வேலை ஒன்றுதான் பாக்கி. அதையாவது என் கையால் முடித்தேன் என்று இருக்கட்டும்.

தங்கள் கற்றாழைத் தோட்டம் செழிக்கவும், தங்கள் இடுப்பு உண்மையில் நலமாக இருக்கவும் வேண்டும்,

தங்கள் மைத்துனன்
லெஸ்டர்

பி.கு.: நோரீனைக் கூப்பிட வேண்டாம். இதை எழுதி முடித்துவிட்டு, அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பிரேக் குழாயில் நிற்கும் காற்றை நானே வெளியேற்றப் பார்த்தேன். பெடலை ஒருவர் அமுக்க, சக்கரத்தருகே இன்னொருவர் திருகைத் திறக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறதாம். நான் பெடலுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தேன். பிரேக் ஆயில் பீய்ச்சி என் மூக்குக்கண்ணாடியிலும், அவள் அடித்த நீல பெயின்ட்டிலும் தெறித்தது. நான் முகம் கழுவி வருவதற்குள் உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது, அந்த ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடுமாம். அவள் வந்து பார்த்தாள். பிறகு தன் முகமூடியை எடுத்து என் தலையில் மாட்டி, “அந்த இடத்துக்கு நீதான் பெயின்ட் அடிக்கப்போற. நான் காப்பி போடறேன்,” என்றாள். கடிதத்தைக் கிழித்திருப்பேன், ஸ்டாம்பு ஒட்டிவிட்டேன். தபால்காரனுக்கு அதை வீணாக்க மனசு வராது. ஜூனில் தாங்களே இங்கு வாருங்கள். பின் சீட் காலியாக இருக்கிறது.