அக்காவின் தாலிக் கயிற்றை நான் வெளுத்த கதை

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் கல்யாண ஆல்பத்தில் தாலிக் கயிறு வெள்ளையாக இருந்தது உண்மை. கூறைச் சேலை கத்தரிக்காய் நிறத்தில் இருந்ததும் உண்மை. இரண்டுக்கும் காரணம் நான்தான். ஆனால் பதினைந்து வருடங்களுக்கும் மேலாக எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும், "அவ தப்பான சொப்ட்வெயார எடுத்துட்டா" என்று முடிக்கிறார்கள். அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. மென்பொருள் சரியானதுதான். தப்பு வேறு இடத்தில் நடந்தது.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. இலங்கை மலையகத்தில், அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சர் என்பதால் உலகத்தில் எனக்குப் பிடிபடாதது எதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். கோமதி அக்காவுக்குப் பொகவந்தலாவையில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். ரவி அத்தான் கத்தாரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தார். கல்யாணத்துக்கு இரண்டு மாத லீவில் வந்தவர், எனக்கென்று ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்தார். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய கேமரா. (மற்ற மாப்பிள்ளைகள் கொழுந்தியாளுக்கு சென்ட் போத்தல் கொண்டுவருவார்கள். அந்த வகையில் இந்தக் கதையில் அவருக்கும் பங்கு இருக்கிறது.)

அன்றைக்கே வீட்டில் அறிவித்தேன், கல்யாணப் படம் நான்தான் எடுப்பேன் என்று. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"டவுன்ல ஸ்டூடியோ மணிகிட்ட பேசி வெச்சிருக்கேனே புள்ள."

"அவருக்கு என்னப்பா தெரியும்? அவரு இன்னும் ஃபிலிம் ரோல சுத்திக்கிட்டு இருக்காரு."

(மணி அண்ணன் அந்த வருடமே டிஜிட்டலுக்கு மாறிவிட்டார். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.)

அம்மாதான் நடுவில் புகுந்தார். "பொம்பளப் புள்ள மேடையில ஏறி ஏறி எறங்கினா அவங்க வீட்டு ஆளுங்க என்ன சொல்லுவாங்க?" என்றார். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு என்னிடமிருந்து கேமராவைப் பிடுங்க யாராலும் முடியவில்லை.

அம்மா பயந்ததில் நியாயம் இருந்தது. அவர் பயந்தது அத்தானின் அம்மாவுக்கு. நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை கெட்டவர் இல்லை, ஆனால் எல்லாவற்றிலும் சகுனம் பார்ப்பவர். பரிசம் போட வந்த அன்று எங்கள் வீட்டு வாசலில் பூனை ஒன்று படுத்திருந்ததற்காக, அது எழுந்து போகும்வரை வேனிலேயே உட்கார்ந்திருந்தார். லீவு முடிந்து அத்தான் போன பிறகு, அக்கா இரண்டு வருடம் இந்த அத்தையோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அத்தான் போவதற்கு இரண்டு நாள் முன்னால் பொகவந்தலாவையில் விருந்து. அந்த விருந்தில் ஆல்பத்தைத் திறப்பது, பிறகு அதை அத்தான் கத்தாருக்குக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. அக்கா என்னிடம் தனியாகச் சொன்னாள். "சுதா, அந்த வீட்ல எனக்குன்னு மொதல்ல போற பொருள் இந்த ஆல்பந்தான். நல்லா செஞ்சி குடுத்துரு."

இனி 'ரோ' விஷயம். கேமராவில் இரண்டு விதமாகப் படம் எடுக்கலாம். ஜேபெக் என்றால் கேமராவே சமைத்து இலையில் போட்டுவிடும். ரோ என்றால் பச்சை; அரிசியையும் காய்கறியையும் அப்படியே கையில் கொடுத்துவிடும், கம்பியூட்டரில் ஒரு மென்பொருளை வைத்து நாம்தான் சமைக்க வேண்டும். (எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம்.) கல்யாணத்துக்கு முந்தின வாரம் கடைத்தெருவில் மணி அண்ணனைக் கண்டேன். அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

"ரோவ மட்டும் நம்பாத தங்கச்சி. ரெண்டுலயும் சேத்து எடு. பழகின பொறகு ரோவுக்கு போகலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவை ரோவில் மட்டும் வைத்தேன்.

கல்யாணம் கோயில் மண்டபத்தில் நன்றாகவே நடந்தது. காலையில் அத்தை தன் கையாலேயே ஒரு பெரிய சட்டியில் மஞ்சள் கரைத்தார். மாப்பிள்ளையின் முகூர்த்த வேட்டியை அதில் முக்கிப் பிழிந்தார். தாலிக் கயிற்றையும் அதே சட்டியில்தான் நனைத்தார். நான் பக்கத்தில் நின்று அதையும் படம் எடுத்தேன். பிற்பாடு என்னைக் குற்றம் சாட்டியவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி இதுதான்: கண்ணால் பார்த்து, படமும் எடுத்துவிட்டு, எப்படி மறந்தாய்? எனக்குத் தெரியாது. மறந்துவிட்டேன்.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். சமைக்க மூன்று மென்பொருள்கள் கிடைத்தன. கேமராப் பெட்டியோடு ஒரு சீடியில் வந்தது முதலாவது. இன்னொன்றை முப்பது நாள் சும்மா பாவித்துப் பார்க்கலாம், பிறகு படத்தின் குறுக்கே தன் பெயரைப் பெரிதாக எழுதிவிடும். மூன்றாவதை எந்த நாட்டிலோ இருக்கும் ஒரு புண்ணியவான் இலவசமாக இணையத்தில் போட்டிருந்தார். அட்டன் நெட் கஃபேயில் அதை இறக்கிக்கொள்ள எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் போயின. பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து மூன்று பத்திகள் கீறி, பரீட்சைத் தாள் திருத்துவதுபோலப் புள்ளி போட்டேன். வேகத்துக்கு இருபது, நிறத்துக்கு இருபது, ஒழுக்கத்துக்குப் பத்து. (பாதியில் நின்றுபோகாமல் இருப்பதுதான் ஒழுக்கம்.)

பெட்டியோடு வந்தது ஒரு படத்தைத் திறக்க எடுத்த நேரத்தில் நான் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து கப்பையும் கழுவி வைத்தேன். எங்கள் வீட்டுக் கம்பியூட்டர் அத்தனை கிழடு. அந்த வேகத்தில் போனால் அத்தானின் அடுத்த லீவுக்குத்தான் ஆல்பம் கிடைக்கும். முப்பது நாள் மென்பொருள் நன்றாக வேலை செய்தது, ஆனால் அதன் மிரட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. இலவசமானது கிடுகிடுவென்று ஓடியது. அதில் ஓர் அற்புதமான பொத்தானும் இருந்தது. ஒரு படத்துக்குச் செய்ததை எல்லாப் படங்களுக்கும் ஒரே தட்டில் செய்துவிடும். நாற்பத்தேழு புள்ளியோடு அது முதலாமிடம் பெற்றது. இன்றைக்கும் அந்தப் புள்ளியில் அரைப் புள்ளிகூடக் குறைக்க மாட்டேன்.

திறந்த படங்கள் எல்லாம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தன. மஞ்சள் மொனிட்டரில்தான் இருந்தது. அது யாரோ பாவித்துக் களைத்துப்போன மொனிட்டர். எனக்கு அது தெரியாது. மென்பொருளில் சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு சின்னப் படம் உண்டு. அதை எடுத்து, படத்தில் வெள்ளையாக இருக்கும் ஒன்றின்மேல் வைத்துத் தட்ட வேண்டும். "இது வெள்ளை" என்று நாம் சொன்னால், அதை நம்பி மற்ற எல்லா நிறங்களையும் அது ஒழுங்குபடுத்திவிடும்.

தாலி கட்டும் படத்தைத் திறந்தேன். வெள்ளையாக என்ன இருக்கிறது என்று தேடினேன். மாப்பிள்ளை வேட்டி கட்டியிருந்தார். வேட்டி என்றால் வெள்ளை. தட்டினேன்.

அந்தப் பொல்லாத மொனிட்டரில் படம் கொள்ளை அழகாக வந்தது. கயிறுகூட லேசாக மஞ்சளாகவே தெரிந்தது. அற்புதப் பொத்தானை அழுத்தினேன். நானூற்றுப் பன்னிரண்டும் வெளுத்து முடிந்தன.

படங்களைச் சீடியில் போட்டு மணி அண்ணனிடம் கொடுத்திருந்தால் அவர் பார்த்த உடனே கண்டுபிடித்திருப்பார். அதனால்தான் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் கொடுக்கவில்லை. பஸ் ஏறிக் கண்டியில் ஆல்பம் அடிக்கும் இடத்துக்கே போனேன். அங்கே இருந்த பையன் படங்களைத் திரையில் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "மிஸ், மே பாட்ட ஹரித?" என்று சிங்களத்தில் கேட்டான். இந்த நிறம் சரியா என்று. பாவம், நல்ல பிள்ளை. கணக்கு டீச்சர் குரலில் "ஹரி, ஹரி" (சரி, சரி) என்றேன்.

அடுத்த வாரம் ஆல்பத்தை வாங்கி வந்தேன். கினிகத்தேனையில் பஸ் தேத்தண்ணிக்கு நின்றபோதாவது பிரித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் நல்ல பொருளை வழியில் பிரிக்கக் கூடாது, அவர்கள் வீட்டில்தான் முதலில் திறக்க வேண்டும் என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தார். வாழ்க்கையில் நான் அம்மா சொல் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

விருந்தன்று பொகவந்தலாவை வீட்டில் முப்பது பேர் இருப்பார்கள். அத்தை கை கழுவி, குங்குமம் வைத்து, ஆல்பத்தை மடியில் வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பினார். அத்தான் எட்டிப் பார்த்தார்.

"என்ன சுதா, ஆஸ்பத்திரியில எடுத்த மாதிரி இருக்கேன்?"

உண்மையில் அப்படித்தான் இருந்தார். முகங்கள் எல்லாம் நீலம் பாரித்திருந்தன. நகைகள் வெள்ளியாகிவிட்டன. அத்தை அவசரமாகப் பக்கங்களைத் தள்ளித் தாலி கட்டும் படத்துக்கு வந்தார். அக்காவின் கழுத்தில் சுத்தமான வெள்ளைக் கயிறு ஏறிக்கொண்டிருந்தது.

"தாலிக் கயிறு ஏன் வெள்ளையா இருக்கு?" அத்தை சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"கயிறு மஞ்சதாங்க அத்தை. படந்தான் வெள்ளை."

"நான் மஞ்ச கரைச்சேன். என் கையால நனைச்சேன். அது எப்படி வெள்ளையாகும்?"

"அந்த மஞ்சளாலதாங்க அப்படி ஆச்சு." எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "வேட்டியையும் அதே சட்டியில முக்கினீங்க. நான் வேட்டிய வெள்ளைன்னு சொல்லிட்டேன். கம்பியூட்டரு வேட்டிய வெள்ளையாக்கிச்சி, கயித்தையும் வெள்ளையாக்கிருச்சி."

இதைவிடத் தெளிவாக யாராலும் விளக்கியிருக்க முடியாது. ஆனால் முப்பது பேரின் காதில் விழுந்தது, நான் அத்தையின் மஞ்சளைக் குறை சொல்கிறேன் என்பதுதான். அத்தை ஆல்பத்தை மூடினார். "இத எம்மகன் பிளேன்ல கொண்டு போகக் கூடாது. இந்த வீட்டுக்குள்ளயும் இருக்கக் கூடாது" என்றார். அக்கா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தாங்கவில்லை.

"நாளைக்கு சாயங்காலம் வேற படம் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு, ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினேன். (ஆட்டிறைச்சிக் கறி. அந்த இழப்பைப் பற்றி இதுவரை யாரும் பேசியதில்லை.)

மறுநாள் ரோ படங்களையும் மென்பொருளையும் சீடிகளில் எடுத்துக்கொண்டு, கடை திறக்கும்போதே மணி அண்ணனின் ஸ்டூடியோ வாசலில் நின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. "ஒங்க மொனிட்டரக் கொஞ்சம் பாக்கணும்" என்றேன். அவர் ஆல்பத்தைப் புரட்டினார். அவர் தோள் குலுங்கியது. சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

அவர் கம்பியூட்டரில் அதே இலவச மென்பொருளைப் போட்டு, சமைக்காத ரோ படங்களைத் திறந்தோம். எல்லா நிறமும் உள்ளே பத்திரமாக இருந்தது. இனி உண்மையான வெள்ளை ஒன்று வேண்டும். தேடித் தேடி, ஒரு படத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் பாடசாலை அதிபரை (தலைமையாசிரியரை)ப் பிடித்தோம். யாழ்ப்பாணத்து மனிதர். அவர் சட்டையில் ஒரு தூசி நின்று நான் பார்த்ததில்லை. அவரது சட்டைப் பையின்மேல் குழாயை வைத்துத் தட்டினேன். அவர் வீட்டில் சட்டைக்கு நீலம் கொஞ்சம் அதிகமாகப் போடுவார்கள்போல. அதற்கு ஈடுகட்ட மென்பொருள் படம் முழுக்கக் கொஞ்சம் வெயிலைச் சேர்த்துக் கொடுத்தது. அற்புதப் பொத்தானை அழுத்தியதும் கயிறு மஞ்சளானது. கூறை சிவந்தது. அக்காவின் முகத்தில் பொன் ஏறியது.

"ஜேபெக்ல எடுத்திருந்தா இவ்வளவு சுத்தமா திரும்பி வந்திருக்காது" என்றார் மணி அண்ணன். கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் கேட்கட்டும் என்று, "என்னண்ணே சொன்னீங்க?" என்று இன்னொரு முறை சொல்ல வைத்தேன்.

அவரது இயந்திரத்திலேயே முப்பத்தாறு படங்கள் அடித்து, ஈரம் காயும் முன்னமே பொகவந்தலாவைக்குக் கொண்டுபோனேன். அத்தை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாலிப் படத்தை மட்டும் நீண்ட நேரம் வைத்திருந்தார். பிறகு எழுந்து போய் அதைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "கோமதி, தங்கச்சிக்கு சோறு போடு" என்றார். அக்கா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். மற்ற முப்பத்தைந்தும் கத்தாருக்குப் பறந்தன.

அந்த வெள்ளைக் கயிற்று ஆல்பத்தை எரிக்கச் சொன்னார்கள். எரிக்கவில்லை, என் அலுமாரியில்தான் இருக்கிறது. நான் இன்றைக்கும் ரோவில்தான் எடுக்கிறேன்.

மூன்று வருடம் கழித்து அத்தானின் தம்பிக்குக் கல்யாணம். படம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். (கூப்பிட்டது அத்தை.) தாலி எடுக்கும் நேரத்தில் அத்தை மேடையில் ஏறி, இடுப்பிலிருந்து புத்தம் புதிய வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை உருவி, மாப்பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

"மொதல்ல இத எடு. அப்பறம் தாலிய எடு" என்றார்.

சபை சிரித்தது. நான் எடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் கைக்குட்டை பிடிக்காமல் ஒரு தாலியும் ஏறியதில்லை. போன ஆவணியில் அக்காவின் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். படம் எடுக்க நுவரெலியாவிலிருந்து வெளி ஆள் ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். கேமராவுக்கு நேரே கைக்குட்டை விரிந்ததும் அவர் திகைத்து, இது என்ன சடங்கு என்று ஐயரிடம் கேட்டார். ஐயருக்கும் தெரியவில்லை. ஆனாலும் சாமான் பட்டியலை எடுத்துப் பார்த்தார். மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பாக்குக்குக் கீழே 'வெள்ளைக் கைக்குட்டை ஒன்று' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. "பரம்பரை வழக்கம்" என்று சொல்லிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.