எறியாதேங்கோ ஐயாவும் ஈரச் சுவரும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. புசல்லாவைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் இப்போது முன்பின்னாகத்தான் வருகிறது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

கண்டி டவுனில் மனிதர்களைவிடச் சுவர்களிடம் அதிகம் நலம் விசாரித்தவர் எறியாதேங்கோ ஐயா ஒருவர்தான். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற இன்ஜினியர். யார் எதைக் குப்பையில் போடப் போனாலும் "எறியாதேங்கோ" என்று குரல் கொடுப்பார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

நான் தேத்தண்ணியும் இடியப்பமும் விற்பது ஹாஜியாரின் பழைய மாடிக் கட்டிடத்தின் பின் அறையில். அவருடைய வாப்பாவின் வாப்பா புடவைக் கடை நடத்திய இடம். சிவப்பு ஓடு, மரப் பல்கனி, நடுவில் திறந்த முற்றம். முன் சுவர் மட்டும் எந்நாளும் ஈரம். கட்டிடத்தையே உடைத்து நாலு மாடி எழுப்பத்தான் ஹாஜியார் இருந்தார். பழையதையே திருத்தி வாடகைக்கு விடலாம் என்று ஐயா கெஞ்சியும் வாதாடியும் சம்மதிக்க வைத்தார்.

ஹாஜியார் ஒரு நிபந்தனை போட்டார். "வைகாசி மழைக்கும் இந்தச் செவரு காஞ்சி ஈந்தா கட்டிடம் நிக்கும். நனஞ்சா ஒடச்சிப் போடுவேன். பொறகு என்னோட பேசப்படாது."

உடைத்தால் என் அடுப்பும் போகும். இந்த வயதில் வேறு எந்த வாசலில் போய் நிற்பேன்? அன்றிலிருந்து வானம் கறுத்தால் ஓடிப்போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஐயாவுக்கு இருப்புக் கொள்ளாது. குடைக் காம்பால் சுவரைத் தட்டுவார், காது வைப்பார், முகர்ந்து பார்ப்பார். கதிரை போட்டால் அதன்மேல் ஏறி நின்று கூரையைப் பார்ப்பாரே தவிர உட்கார மாட்டார். முன்பு யாரோ பூசிய சீமெந்தையெல்லாம் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூச வைத்தார். சீமெந்து ஈரத்தை உள்ளே அடைக்குமாம், சுண்ணாம்பு வெளியே விடுமாம். உடைந்த ஓடுகளை இடித்துத் தூளாக்கி அந்தச் சுண்ணாம்பிலேயே கலந்தார். கூரைத் தண்ணீர் சுவரில் வழியாமல் பீலி வைத்துத் தொட்டிக்கு இறக்கினார். வளைந்த ஆணிகளைக்கூட நிமிர்த்தினார். என் தேயிலைச் சக்கையும் தப்பவில்லை. புதுப் பலகைக்குப் பழைய பலகையின் நிறம் ஏற்ற அதையும் வாங்கிக்கொண்டு போனார்.

ஒருநாள் என்னையும் கூப்பிட்டார். "அம்மா, இஞ்ச வாங்கோ. சுவர் மூச்சு விடுதோ எண்டு காதை வச்சுக் கேளுங்கோ."

வைத்தேன். காது குளிர்ந்ததுதான் மிச்சம். ஆனாலும் பெரிய மனுசர் கேட்கிறாரே என்று, "ஆமாங்க ஐயா, விடுதுங்க" என்றேன்.

"பொய் சொல்லாதேங்கோ. அது இன்னும் விடத் தொடங்கேல்லை."

பக்கத்துத் தெருவில் ஒரு சாவு வீடு. கடைக்கு வருகிற நாலைந்து பேரும் நானும் ஐயாவோடு போயிருந்தோம். எல்லாரும் அழுதுகொண்டிருக்க, ஐயா சுவரோரமாகப் போய்க் காதை வைத்துவிட்டார். செத்தவரின் மச்சான் வந்து மெதுவாக, "ஐயா, நீங்க ஆளப் பாக்க வந்தீங்களா, செவரப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

"ஆளுக்கு இனி ஒண்டும் செய்யேலாது. சுவருக்குச் செய்யலாம்" என்றார் ஐயா.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவரோடு சேர்ந்து போனவர்கள் என்று சொல்லிக்கொள்ளவே எங்களுக்குக் கூச்சமாகிவிட்டது.

நோன்புப் பெருநாள் வந்தது. பெருநாளைக்குப் பெயின்ட் அடிக்காமல் ஹாஜியார் குடும்பத்தில் யாருக்கும் கை சும்மா இருக்காது. ஹுன்னஸ்கிரியப் பக்கம் பழைய தேயிலை ஃபெக்டரி ஒன்றை உடைக்கிறார்கள் என்று ஐயா பலகை பார்க்கப் போன நேரம், அவரைச் சந்தோஷப்படுத்தவென்றே ஹாஜியார் அந்த ஈரச் சுவருக்குப் பளபளக்கும் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார்.

பெருநாள் காலை. சொந்தக்காரர்களெல்லாம் வட்டிலப்ப இனிப்புக் கோப்பையும் கையுமாகக் கட்டிடத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். சுவரில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கொப்புளம் எழும்பி நிற்கிறது. ஐயா வந்தார். குடை நுனியால் அதை ஒரு குத்துக் குத்தினார். உள்ளே இருந்த தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஹாஜியாரின் புது வெள்ளை ஜுப்பாவில் விழுந்தது.

வாய்க்குப் போன கரண்டிகள் பாதி வழியில் நின்றன.

ஹாஜியார் குனிந்து ஜுப்பாவைப் பார்த்தார். "குத்த முந்தி ஒரு வார்த்த சொல்லீக்கலாம்."

"சுவருக்கு மூச்சு முட்டினது. சொல்ல நேரமில்லை."

"இப்ப என்ன செய்ற?"

"சுரண்டுறது."

ஹாஜியார் ஜுப்பாக் கையை மடித்துவிட்டார். பக்கத்தில் நின்றவரின் கரண்டியைப் பிடுங்கிச் சுரண்டத் தொடங்கினார். முதலாளியே சுரண்டும்போது விருந்தாளிகள் சும்மா நிற்கலாமா? "பெருநாளுக்கு வந்த எங்களுக்கு இதா வேல?" என்று முனகிக்கொண்டே ஒரு மச்சினன் மூலை முழுவதையும் சுரண்டினார். வட்டிலப்பக் கரண்டி அவ்வளவு நல்ல சுரண்டி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுபடியும் சுண்ணாம்பு பூசினார்கள். அது காய்வதற்குள் வைகாசி வந்துவிடுமோ என்று நான் தவித்த தவிப்பில் இடியப்ப மாவில் உப்புப் போட மறந்தேன். வந்தவர்கள் முகம் சுளித்துச் சாப்பிட்டார்கள்.

மழை பிடித்தது. விடாமல் அடித்தது. கொட்டுகிற மழையில் ஹாஜியார் குடையோடு வந்து, முன் சுவரின் உட்பக்கம் நின்றார். தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றிச் சுவரில் அழுத்தி வைத்தார். எடுத்துப் பார்த்தார். இன்னொரு இடத்தில் வைத்தார். நான் மாவுச் சட்டியோடு அப்படியே நின்றேன். ஐயா முற்றத்தில் நனைந்தபடி குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

ஹாஜியார் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். நெற்றியில் சுண்ணாம்புத் தூள் மட்டும் ஒட்டியிருந்தது.

"நிக்கட்டும்" என்றார்.

இப்போது மாடியில் பல் டாக்டர், கீழே கம்ப்யூட்டர் வகுப்பு. முற்றத்துக் காற்றே போதுமென்று பிள்ளைகள் ஃபேன் போடுவதில்லை. என் அடுப்பும் பின் அறையிலேயே எரிகிறது. ஐயாவிடம் நன்றி சொல்ல நினைத்து நினைத்து வெட்கத்தில் இருந்துவிட்டேன். அதற்குள் அவர் கம்பளையில் வேறொரு பழைய கட்டிடத்துக்குப் போய்விட்டார்.

பீலி முந்தியா சுண்ணாம்பு முந்தியா என்று நான் மாற்றி எழுதியிருக்கலாம். கம்பளைப் பக்கம் போகிறவர்கள் அவரிடமே கேட்டுச் சரிபார்த்து விடுங்கள். அப்படியே, மத்தியானம் சாப்பிட்டாரா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.